முங்கினால் பாஸ்

உலகத்தில் எந்தச் சரக்கும் தண்ணீரில் முங்கினால் நஷ்டம். மருத்துவப் பஞ்சு மட்டும் முங்காவிட்டால் நஷ்டம். அது முங்குகிறதா மிதக்கிறதா என்று பார்த்து ‘பாஸ்’ என்றோ ‘ரிஜெக்ட்’ என்றோ கையெழுத்துப் போடும் லேப் கெமிஸ்ட் வேலைக்கு எண்பதுகளின் நடுவில் ராஜபாளையம் வந்தேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். தங்க அறை கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். லேபில் உட்கார்ந்தே இளமையைத் தொலைத்த சக அன்பர்கள் இதைப் படித்துவிட்டு, ‘அட, நாம மட்டும் இல்லையா’ என்று ஆறுதல் அடையலாம்.

காத்தாடி ஓடாத அறை

எங்கள் லேபில் மரியாதை முழுக்கத் தராசுக்குத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருக்கும். ஒரு தலைமுடியை வைத்தாலும் எடை சொல்லிவிடும், ஆனால் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால் முள் ஆடிப்போகும். அதனால் எடை போடும்போது காத்தாடி ஓடக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது. நாள் முழுக்க எடை போடுவதே வேலை என்பதால் காத்தாடி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

சித்திரை மாத ராஜபாளையத்தில் காத்தாடி இல்லாத அறைக்கு யார் பேச்சுத்துணைக்கு வருவார்கள்? நான் சேர்ந்த புதிதில் ஆபீஸ் கிளார்க் ஒருவர், புது ஆளாச்சே என்று விசாரிக்க வந்தார். என் ஊர், பேர் கேட்டு முடிப்பதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எழுந்தவர் வாசலில் நின்று சொன்னார்: "தம்பி தப்பா நெனைக்காதீங்க. பஞ்ச அவிக்கிற எடத்துல இதவிடக் குளுமையா இருக்கு."

மழை மூட்டை

பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் குடித்துவிடும், வெயிலடித்தால் கக்கிவிடும். அதனால் எடை ஒருபோதும் ஓரிடத்தில் நிற்காது. ஐப்பசி அடைமழையில் எங்களிடம் சரக்கு எடுத்த கோவில்பட்டிக் கடைக்காரர் ஒருவர், மாசியில் ஒரு பஞ்சுச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். எடை குறைகிறதாம்.

முதலாளி அவரை என்னிடம் அனுப்பிவிட்டார். வெகுநாள் கழித்து ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்த சந்தோஷத்தில், பஞ்சின் ஈரக் கணக்கை ஆதியோடந்தமாக விளக்கினேன். உலர்த்திக் காட்டினேன், திரும்ப எடை போட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அப்பொ நான் உங்க ஊரு மழையவா மூட்ட கட்டிக் கொண்டு போயிருக்கேன்?"

இரண்டு பேர் வியர்வை

அந்த அறைக்குத் தானாக வந்த ஒரே ஆள் தங்கராசு அண்ணாச்சி. பஞ்சை அவித்து வெளுக்கும் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். தேவதானத்துக்காரர், பெண் எடுத்தது வத்திராயிருப்பில். மத்தியானம் தூக்குச்சட்டியோடு வந்து, என் மேசையில் இருக்கும் குப்பிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு இடம் பிடிப்பார். அவர் வீட்டு மாங்காய் ஊறுகாயில் பாதி எனக்கு. என் ஓட்டல் பொட்டலத்தைத் திறந்து பார்த்து, தினமும் ஒரு தடவை தலையில் அடித்துக்கொள்வார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பஸ் ஏறும்போதே அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான். "இந்தப் புழுக்கத்துல ஏன் அண்ணாச்சி கஷ்டப்படுதீய, கேண்டீன்ல காத்தாடி இருக்குல்லா" என்று ஒருநாள் ஒப்புக்குக் கேட்டுவைத்தேன், அவர் போய்விடக் கூடாதே என்று பயந்துகொண்டே. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏலே கெமிஸ்டு, ஒத்தையில வேர்க்கதுதாம்ல கஷ்டம். ரெண்டு பேரா வேர்த்தா அது ஒரு கஷ்டமா?"

மிதந்த கூடை

பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. காரம் போட்டு நன்றாக அவித்தால்தான் அது போகும். போகாவிட்டால் அந்தப் பஞ்சு ரத்தத்தையும் உறிஞ்சாது, மருந்தையும் உறிஞ்சாது. இதைப் பார்ப்பதற்குச் செம்புக் கம்பியில் பின்னிய சின்னக் கூடை ஒன்று உண்டு. அதில் பஞ்சை வைத்துத் தண்ணீரில் விட்டால், பத்து எண்ணுவதற்குள் முங்க வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் விறகெல்லாம் நனைந்துபோய் பாய்லரில் ஆவி சரியாக ஏறவில்லை. அண்ணாச்சி அவித்து அனுப்பிய சரக்கு, கூடையோடு சேர்ந்து தெப்பம் மாதிரி மிதந்தது. திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தேன். இறங்குவேனா என்றது. பெரிய ஆஸ்பத்திரி ஆர்டர் அது. சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், ஆலங்குளம் ரோட்டில் கட்டிக்கொண்டிருந்த புது யூனிட்டுக்கு அண்ணாச்சிதான் மேனேஜர் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நான் ‘ரிஜெக்ட்’ என்று எழுதினேன். அன்றைக்கும் அவர் சாப்பிட வந்தார், ஊறுகாயும் வந்தது. போகும்போது மட்டும் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "சரிடே, திரும்ப அவிச்சு அனுப்புதேன். அடுத்த தடவ கொஞ்சம் அனுசரிச்சுப் பாரு."

இறங்காத நுரை

இரண்டாவது தடவை வந்த பஞ்சு, கூடையை விட்ட மாத்திரத்தில் கல்லாகப் போய் அடியில் உட்கார்ந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அண்ணாச்சி மேனேஜர் ஆகப்போகிறார், சரக்கு சீக்கிரம் போகப்போகிறது, எனக்கும் பாவம் இல்லை. ஆனால் இவ்வளவு வேகமாக முங்குகிறதே என்று மனசில் ஒரு முள்.

இந்தத் தொழிலில் இருக்கும் அன்பர்களுக்குத் தெரிந்த குறுக்குவழிதான் அது. கடைசி அலசலில் கொஞ்சம் சோப்புக் கரைசலைக் கலந்துவிட்டால், மெழுகு போகாத பஞ்சும் சமர்த்தாக முங்கும். ஆனால் அந்தச் சோப்பு திறந்த புண்ணில் போய் உட்காரும். கண்டுபிடிப்பது சுலபம். பஞ்சை ஊற வைத்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மூடி, குலுக்க வேண்டும். குலுக்கினேன். பொங்கிய நுரை கரை கட்டி நின்றது.

அதே நேரத்தில் தூக்குச்சட்டியோடு அண்ணாச்சி உள்ளே வந்தார். இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நுரை இறங்க வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன். அது இறங்கவில்லை. "அண்ணாச்சி, நுரை நிக்கி..." என்று ஆரம்பித்தேன். அவர் தூக்குச்சட்டியைத் திறக்காமலே கையில் எடுத்துக்கொண்டார். "நுரை எனக்குந் தெரியுதுல்லா. நான் கேக்கது அது இல்ல. நாளைக்கு மத்தியானம் நீ யாருகூட உக்காந்து சாப்பிடுவ?"

முதலாளியின் பாராட்டு

இரண்டாவது தடவையும் ‘ரிஜெக்ட்’ என்றே எழுதினேன். ஆர்டர் தாமதமானது. புது யூனிட்டுக்கு வேறொருவர் மேனேஜர் ஆனார். பொங்கல் கழிந்ததும் அண்ணாச்சி கணக்கை முடித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போகும் அன்று எல்லாப் பிரிவுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டார். லேப் வாசலைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது?

அந்த வருஷம் ஆயுத பூஜையில் முதலாளி எல்லார் முன்னாலும் எனக்கு வேட்டி சட்டை கொடுத்துக் கௌரவித்தார். பேக்கிங் பிரிவுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொரிகடலை கொறித்தார்கள். நான் சரக்கைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு அவர்களுக்கும் வேலை இல்லாமல் போகுமல்லவா. முதலாளி என்னைத் தனியாக அழைத்துத் தட்டிக்கொடுத்தார்: "நீங்க யாருகிட்டயும் ஒட்டாம இருக்கீங்க பாருங்க, அதான் எனக்கு உங்ககிட்ட ரொம்பப் பிடிச்சது."

மெடிக்கல் ஸ்டோரில்

தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தலைவலி மாத்திரை வாங்க நின்றேன். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார். தங்கராசு அண்ணாச்சி! கடைக்காரர் எடுத்துப்போட்ட பஞ்சுச் சுருளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று தள்ளினார். அது அவரே இப்போது மேனேஜராக இருக்கும் கம்பெனிச் சரக்கு. மேல்தட்டில் இருந்த எங்கள் கம்பெனிச் சுருளைக் கைகாட்டி வாங்கினார்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "மதினி நல்லா இருக்காவளா?" என்றேன். ஆபரேஷன் ஆகியிருக்கிறது, புண் ஆற நாளாகும் என்றார். என் பார்வை மேசையில் கிடந்த அந்த வேண்டாத சுருளின் மேல் போனதை அவர் கவனித்துவிட்டார். வாங்கியதைப் பைக்குள் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க லேபுல ஒரு பய இருக்கான். தங்கமான பய. தெனமும் எங்கூடத்தான் உக்காந்து சாப்பிடுதான். அதான் எங்க பஞ்ச வாங்கப் பயமா இருக்கு."

ஊரே நம்பும் ஆளாக இருப்பதில் ஒரே ஒரு குறைதான், அன்பர்களே: ‘வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போயேம்ல’ என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.