ஸ்டேஷனில் கிடைத்த ஸ்டெப்னி

போன வருடம் ஆடி மாதக் கடைசியில், தருமபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நடந்தது இது. பிடித்து வைத்த வண்டிகளை ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு காலி இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். அங்கே எங்கள் காரை மீட்டு வரப் போயிருந்தோம்.

கார் ஏன் அங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது? அதற்குச் சில வாரங்களுக்கு முன் என் கணவரின் பங்காளி வீட்டார் முனியப்பன் கோயிலில் கெடா வெட்டினார்கள். எனக்குக் காய்ச்சல், போகவில்லை. கணவரும், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் போனார்கள். எங்கள் பக்கம் கெடா விருந்து என்றால், கறி வேகும் முன்பே ஆண்கள் ஒவ்வொருவராக மாந்தோப்புக்குள் நழுவிவிடுவார்கள். என்னவோ தோப்பில் மாங்காய் எண்ணப் போகிற மாதிரி ஒரு நடை. திரும்பி வரும்போது நடையே வேறாக இருக்கும். இவரும் நழுவியிருக்கிறார். சாப்பிட்டு முடித்து, பட்டப்பகலில், மகளைப் பின் சீட்டில் உட்காரவைத்து, தானே காரை ஓட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வழியில் போலீஸ் மறித்து ஊதச் சொல்ல, கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

போன் எனக்கு வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் வண்டி என் பெயரில் இருந்தால்தான் ராசி என்று ஜோசியர் சொல்லி, என் பெயரில் எடுத்திருந்தோம். ராசி என்னை நேராக ஸ்டேஷனுக்கே கூட்டிக்கொண்டு போனது. மகள் பெஞ்சில் உட்கார்ந்து, பெண் போலீஸ் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "அம்மா, அப்பா ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுனாரு, ஜாலியா இருந்துச்சு" என்றாள். அந்த 'ஜாலி' பல நாள் என் காதை விட்டுப் போகவே இல்லை.

அப்புறம் வக்கீல், கோர்ட்டு, அபராதம், அலைச்சல். அதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். எனக்குத் தாங்க முடியாமல் போனது வேறு. வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் 'குடி' என்ற சொல் வரவில்லை. "நேரம் சரியில்லை" என்றார் கணவர். "எவ கண்ணு பட்டுச்சோ, வண்டி வாங்கி ஒரு வருசங்கூட ஆவல" என்றார் என் மாமியார். பார்க்க வந்த சொந்தங்களும் ஊர்க் கண்ணைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள். பாவம், ஊரார் யாரும் இவர் வாயைத் திறந்து ஊற்றவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்படியே சொல்லியும் பார்த்தேன். அதற்கு இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

அப்போது மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். 'நான் செய்தது தப்பு' என்று இந்த மனிதர் தன் வாயால் சொல்லும்வரை, இவர் ஓட்டும் வண்டியில் என் மகளை ஏற்றுவதில்லை. கார் வந்த பிறகும் கண், நேரம் என்றே பேசிக்கொண்டிருந்தால், அவளைக் கூட்டிக்கொண்டு அரூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. சும்மா மிரட்டலுக்கு எடுத்த முடிவில்லை. எங்கள் இருவர் துணியையும் பையில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

காரை எடுக்கப் போன அன்று நான், கணவர், மாமியார் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். மாமியார் கையில் ஒரு துணிப்பை. உள்ளே நான்கு எலுமிச்சம்பழம், சூடம், ஒரு திருஷ்டிப் பூசணிக்காய். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பூசணிக்காய் தூக்கிக்கொண்டு போகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அங்கிருந்த ஏட்டு அசரவே இல்லை. "பூசணிக்காய மட்டும் உள்ள ஒடைக்காதீங்கம்மா. எல்லாரும் ஒடச்சிட்டுப் போயிடறீங்க, வழுக்கி வுழறது நாங்க" என்றார்.

காகிதங்களைச் சரிபார்த்துவிட்டு எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனார். செடி முளைத்த லாரிகள், துருப்பிடித்த பைக்குகள். அவற்றுக்கு நடுவே எங்கள் வெள்ளைக் காரைப் பார்த்தேன். முன்பக்கமே இல்லை. எஞ்சின், கண்ணாடி, ஸ்டியரிங் எல்லாம் முன் சீட்டுக்குள் புகுந்து கிடந்தன. என் மகள் முழுசாகப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. ஓடிப்போய்ப் பின் சீட்டைத்தான் எட்டிப் பார்த்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அது உங்க வண்டி இல்லீங்க. அதே மாடல், அதே கலரு. உங்களுது அதுக்கு முன்னால நிக்குது பாருங்க" என்றார் ஏட்டு. திரும்பிப் பார்த்தால், எங்கள் கார் தூசி படிந்து முழுசாக நின்றது. இரண்டும் அக்காள் தங்கை மாதிரி இருந்தன. கணவரும் அந்த நொறுங்கிய காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைவிடச் சின்னவள், முப்பது வயது இருக்கலாம். நெற்றியில் பொட்டில்லை. ஏட்டு எங்களைத் தள்ளிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார். தொப்பூர் பக்கம் விபத்து. இவள் கணவர் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். எதிரே வந்தவன் நிறை போதையில் தடம் மாறி வந்து மோதிவிட்டான். அவனுக்குக் கை உடைந்ததோடு போயிற்று. இவர் அதே இடத்தில் போய்விட்டார். கேஸ் வேலைகள் முடிந்து வண்டியை விட்டுவிட்டார்கள். பழைய இரும்புக்குப் போடுவதற்காக ஏற்றிப் போக வந்திருக்கிறாள். வெளியே லாரி நின்றது. எங்கள் காரை எடுத்தால்தான் அந்த லாரி உள்ளே வர முடியும்.

மாமியார் இதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சூடத்தை எடுத்தவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, நல்ல காரியம் பண்றோம், கொஞ்சம் அந்தாண்ட போயி நில்லு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஒரு வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இது அவளுக்குப் பழகிவிட்டது என்று அந்த நடையிலேயே தெரிந்தது.

மூன்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான்காவதுக்குக் குனிந்த மாமியார், "என்னடா இது?" என்றார். பின் இடது டயர் காற்றிறங்கி, வெடிப்பு விட்டு, ரிம்மோடு மண்ணில் உட்கார்ந்திருந்தது. ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை. எப்போதோ பஞ்சரானதை அப்படியே வைத்திருக்கிறார் நம்மவர். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். வெளியே லாரிக்காரர் ஆரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண் வேனுக்குப் பின்னாலிருந்து வந்தாள். "என்னாச்சுங்க?" என்று கேட்டாள். டயர் போய்விட்டது என்றேன்.

"எங்க வண்டியில ஸ்டெப்னி இருக்குதுங்க. புதுசு, ஒருக்காகூடப் போட்டதில்ல. கழட்டிக்கோங்க" என்றாள்.

உயிர் போன வண்டியிலிருந்து ஒரு ஆணியைக்கூட எங்கள் பக்கம் யாரும் தங்கள் வண்டிக்கு எடுக்க மாட்டார்கள். "அது ஆவாதும்மா" என்று முனகினார் மாமியார். அவள் கோபப்படவில்லை. எங்கள் காரைப் பார்த்தாள், அப்புறம் என் கணவரைப் பார்த்தாள்.

"உங்க வண்டிய எதுக்குங்கண்ணா புடிச்சாங்க?" என்று கேட்டாள்.

ஏட்டு கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டார். இன்சூரன்ஸ் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நிஜத்தைச் சொன்னால் இவள் எங்களை என்ன செய்தாலும் தகும். கன்னத்தில் அறைந்தாலும் நாங்கள் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்றே நினைத்தேன்.

"குடிச்சிட்டு ஓட்டுனேங்க" என்றார். "எம்பொண்ணு பின்னாடி உக்காந்திருந்தா. தப்பு எம்மேலதாங்க."

நான் எத்தனையோ நாளாகக் காத்திருந்த சொல். வந்தபோது எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் இறுகியது. கண் நிறைந்தது. எங்களை விட்டுத் திரும்பி நடந்தாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் போனது தன் காரின் பின்பக்கத்துக்கு. அந்தப் பக்கம் மட்டும்தான் நசுங்காமல் இருந்தது. டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, புத்தம் புதுச் சக்கரத்தைக் காட்டினாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவலயே?"

"இல்லீங்க."

"அப்ப எடுத்துப் போடுங்கண்ணா. இந்த வண்டி வூட்டுக்குன்னுதான் கெளம்புச்சு. ஒரு சக்கரமாச்சும் ஒரு வூட்டுக்குப் போயிச் சேரட்டும்."

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் கணவர் ஜாக்கியைப் போட்டு சக்கரத்தை மாற்றினார். நட்டு கையில் நிற்காமல் மண்ணில் விழுந்துகொண்டே இருந்தது, ஏட்டுதான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார். இவர் அழுததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே முடுக்கினார்.

மாட்டி முடித்ததும் மாமியார் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தோடு அந்தப் பெண்ணிடம் போனார். மன்னிப்பெல்லாம் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷி அவர். பழத்தை அவள் கையில் திணித்து, "நீயே வெய்யி சாமி" என்றார். அவள் தயங்கினாள். மாமியார் அவள் தோளைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவள் குனிந்து, தன் வீட்டுச் சக்கரத்துக்கு முன்னால் அந்தப் பழத்தை வைத்தாள். கணவர் காரை நகர்த்தியபோது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் உடனே கிளம்பவில்லை. லாரி உள்ளே வந்து, அவள் காரைச் சங்கிலி போட்டு ஏற்றி முடிக்கும்வரை மூன்று பேரும் ஓரமாக நின்றோம். சக்கரத்தை எங்கே கொண்டுவந்து திருப்பித் தருவது என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். லாரியின் முன்சீட்டில் ஏறிப் போய்விட்டாள். பேரைக் கேட்கவில்லையே என்பது பாதி வழியில்தான் உறைத்தது. பூசணிக்காய் உடைபடாமலே வீடு வந்தது. மறுநாள் குழம்பில் போட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பையையும் பிரித்து, துணிகளை பீரோவில் அடுக்கினேன்.

குடியை அடியோடு விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுத மனசு வரவில்லை. ஆனால் கெடா விருந்து என்றால் இப்போது பஸ்ஸில்தான் போகிறார், சாவி என் கையில் இருக்கும். யாராவது நேரம் சரியில்லை என்று பழைய பேச்சை எடுத்தால், "நேரம் ஒண்ணும் பண்ணல, நாந்தான் குடிச்சேன்" என்று அவரே சொல்லிவிடுகிறார். மகள் மறுபடியும் பின் சீட்டில் ஏறுகிறாள். மற்ற மூன்று டயர்களும் தேய்ந்திருக்கின்றன, இந்தப் புதுசைக் கழற்றி ஸ்டெப்னியாக வையுங்கள் என்றார் மெக்கானிக். கணவர் கேட்கவில்லை.

சாயங்காலம் கார் வாசலில் வந்து நின்றதும் என் கண் அந்தப் பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. எங்களைச் சபிக்க எல்லா நியாயமும் இருந்த ஒருத்திக்கு, எங்கள் பிள்ளை பத்திரமா என்று முதலில் கேட்கத் தோன்றியதே, அந்த மனசு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு நாளும் மலைத்துப்போய் நிற்கிறேன்.