பானெட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

போன செவ்வாய்க்கிழமை விழுப்புரம் ரயிலைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய மார்க்கெட் வாசலில் லூர்துமேரி அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. இன்னும் தானே கார் ஓட்டுகிறார்!

"ஏறுங்க தம்பி, ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போறேன்."

போன மாதம் மகன் பிரான்சுக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன கார் அது. நீண்ட மூக்கு, உயர்ந்த பானெட். அம்மாளோ ஐந்தடிக்கும் குறைவு.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஏறவில்லை. மீன் பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, காரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார் — மிக நிதானமாக.

"ரயிலுக்கு நேரமாச்சும்மா!" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

முன்பக்கம் போனவர் சட்டென்று குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் ஒரு பெண் குழந்தை. இரண்டு வயது இருக்கும். பம்பரை ஒட்டி உட்கார்ந்து, சிந்திக் கிடந்த கனகாம்பரத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பூக்காரி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, இப்பதானே எம் பக்கத்துல இருந்துச்சு!" குழந்தையை வாங்கி அணைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓட்டியிருந்தால்...?

அம்மாள் பூக்கூடையைக் குழந்தை இருந்த இடத்தில் வைத்தார். "எஞ் சீட்ல உக்காந்து பாருங்க தம்பி."

உட்கார்ந்தேன். கழுத்தை நீட்டினேன். பளபளவென்று பானெட் தெரிந்தது. கூடை தெரியவில்லை. இத்தனைக்கும் நான் அவரைவிட அரையடி உயரம்!

"கண்ணு முன்ன மாதிரி இல்ல. பொழுது சாஞ்சா வண்டிய எடுக்கறதில்ல. பகல்லயும் இது பாதித் தெருவ மறைச்சுடுது. அதான், ஒவ்வொரு வாட்டியும் சுத்திப் பாத்துட்டு ஏறுறேன்."

ரயில் போயே போய்விட்டது. யாருக்குக் கவலை?

இந்தக் காரைச் செய்தவர்கள், ஓட்டுகிறவர் கண்ணுக்கு எது தெரியும் என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திருப்பார்களா? சந்தேகந்தான். வயசானவர்களுக்குக் கார் எதற்கு என்று இளப்பமாகப் பேசுகிறோமே... தன் கண்ணுக்கு எது தெரியாது என்று இவ்வளவு சரியாகத் தெரிந்து ஓட்டும் வாலிபன் ஒருவனைக் காட்டுங்கள், பார்ப்போம்!

மறுநாளே அம்மாள் பட்டறைக்குப் போய், சீட்டுக்கு அடியில் பலகை கொடுத்து உயர்த்தச் சொல்லியிருக்கிறார். மெக்கானிக் தலையைச் சொறிந்தானாம்.

"பலகை வெச்சா வண்டியோட அழகு கெட்டுடுமே, மதாம்?"

"அப்ப, அழகா போய் இடிக்கச் சொல்றியா?"