சனிக்கிழமை விடியற்காலைச் சத்தம்

1996ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை, பீட்டர் விடியுமுன்பே தூண்டிலை எடுத்துக்கொண்டு கடற்பாறைக்கு மீன் பிடிக்கப் போனார். அவருடைய வாளியும் ஒற்றைச் சப்பாத்தும் பாறைமேல் கிடந்தன. ஹெலிகாப்டர் வைத்துத் தேடியும் உடல் அகப்படவில்லை.

அவர் மனைவி செல்வராணி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். இருவரும் மலேசியாவின் சிரம்பானிலிருந்து சிட்னிக்குப் படிக்க வந்து, மணம் முடித்து, குவேக்கர்ஸ் ஹில் புறநகரில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர்கள். நினைவு ஆராதனை ஒன்று வைக்கலாம் என்று போதகர் கேட்டபோது அவள் ஒப்பவில்லை.

"பெட்டி இல்லாம என்ன அடக்கம், ஐயா?" என்றாள்.

அடுத்த வருஷம் குளிர்காலத்தில் அந்தச் சத்தம் தொடங்கியது. சனிக்கிழமை விடியற்காலையில், பின்கட்டில் துணி துவைக்கும் லாண்ட்ரி அறையில் குழாய் ஓடும். பிறகு கத்தியால் மீன் செதில் சுரண்டும் சத்தம். பீட்டர் பிடித்து வந்த மீனை அங்கே நின்றுதான் கழுவுவார். எழுந்து போய் விளக்கைப் போட்டால் தொட்டி காய்ந்து கிடக்கும். மகள் ஷீலா, "பழைய பைப், மம், அவ்வளவுதான்" என்றாள். பிளம்பர் வந்து குழாயையே மாற்றினார். சத்தம் போகவில்லை. மகள் வேலை கிடைத்து மெல்பேர்ன் போனபின் செல்வராணி எழுந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். முதலில் பயந்தது சத்தத்துக்கு. நாளாக ஆக, அது நின்றுவிடுமோ என்றுதான் பயந்தாள்.

சபைப் பெண்கள் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் ஒரு பிற்பகல், அவர்களில் ஒருத்தியான திலகத்தின் வீட்டில் கூடுவார்கள். பாட்டு, வசனம், பிறகு கொஞ்ச நேரம் மௌனம். அதன்பின் முடிகிற வருஷத்துக்காக ஒவ்வொருத்தியும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். பிள்ளைக்கு மெடிசின் படிக்க இடம் கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். தன் முறை வந்தால் செல்வராணி தலையை மட்டும் ஆட்டுவாள். யாரும் வற்புறுத்துவதில்லை.

2002இல் பவளம் என்ற இலங்கை மன்னார்க்காரி புதிதாக வந்திருந்தாள். மூத்த மகனைத் தொண்ணூறில் ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அவள் முறை வந்தது.

"இந்த வருசமும் அவன் செத்துப்போனான் எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. அதுக்கு ஆண்டவருக்கு நன்றி."

அடுத்திருந்த செல்வராணி தலையை ஆட்டவில்லை. வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது.

"பீட்டர் வீட்டுக்கு வர்றாரு. சனிக்கிழமை காலையில மீன் கழுவுற சத்தம் கேக்குது. அதுக்கு நன்றி."

திலகத்தின் முகம் வெளிறியது. கூட்டம் முடிந்ததும் செல்வராணியைத் தனியே இழுத்துப் போனாள்.

"செல்வா, இத ஏன் இத்தன வருஷமா சொல்லல? அது பீட்டர் இல்ல. வேற ஏதோ அவரு மாதிரி வந்து ஒன்ன ஏய்க்குது. ஐயாவ கூட்டிட்டு வர்றேன், ஜெபம் பண்ணிடலாம்."

"வேணாம் திலகம்."

"நீ சும்மா இரு. நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?"

புது வருஷ ஆராதனை முடிந்த கையோடு போதகரும் ஏழெட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். கேக்கும் பலகாரமும் கொண்டு வந்தவர்களை வாசலில் நிறுத்த அவளால் முடியவில்லை. அறை அறையாக ஜெபித்தார்கள். லாண்ட்ரிக் கதவு நிலையில் போதகர் எண்ணெய் தொட்டுச் சிலுவை வரைந்தார். பவளம் உள்ளே வராமல் காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை செல்வராணி இருட்டிலேயே விழித்துக் கிடந்தாள். ஜன்னல் வெளுத்தது, வெயில் ஏறியது, பக்கத்து வீட்டில் புல்வெட்டும் மெஷின் போட்டார்கள். அடுத்த சனியும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமை லாண்ட்ரிக்குப் போய்க் குழாயைத் தானே திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பாறையில் போலீஸ் சப்பாத்தைக் காட்டியபோது வராத அழுகை அப்போது வந்தது.

பவளத்துக்குத் தொலைபேசினாள். பஸ் பிடித்து வந்த பவளம் குழாயை மூடினாள். அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"அவரைக் கலைச்சுப்போட்டினம், என்ன?"

"ஆமாக்கா. இப்பத்தான் செத்தாரு."

பெப்ரவரியில், பெட்டி இல்லாமலே, நினைவு ஆராதனை நடந்தது. திலகம்தான் ஓடியாடி எல்லாம் செய்தாள். அவள்மேல் செல்வராணிக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் கூட ஓர் ஆள் இருந்தால்தான் கோபமும் வரும்போலிருந்தது. அந்த வருஷக் கடைசியில், செல்வராணியின் வீட்டுக்குச் சமாதானம் கிடைத்ததற்காகத் திலகம் கண்கலங்க நன்றி சொன்னாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். செல்வராணியும் சொன்னாள்.

பரிசோதனைக் கூடத்தில் யாரும் விரும்பாத சனிக்கிழமை அதிகாலை ஷிப்டை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். விடியும்போது வீட்டில் இருக்கக் கூடாது. 2009இல் ஓய்வு பெறும்வரை அந்த ஷிப்டை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.