விசாரிக்க வந்தவருக்கு வஞ்சிரம்

நொச்சிக்குப்பத்தில் என் பக்கத்து வீடு காவேரி. புருஷனைக் கடல் கொண்டுபோனபின் அவளுக்கு ஒரு மாதம் என்பது இரண்டு பாதி. விதவைப் பணம் மணியார்டரில் வந்ததும் ரேஷன் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வாங்கிப் போட்டுவிடுவாள். அது தீர்ந்தால் பின்பாதிக்கு நொய்க்கஞ்சி. மீன்கூடையில் விற்காமல் மிஞ்சிய காரப்பொடி மீனை என்னிடம் தள்ளிவிட்டு, என் இட்லிக்கடை மிச்சத்தை மகள் ஜானுவுக்கு வாங்கிப் போவாள்.

தொண்ணூற்று நாலில் ஒரு மாதம் பணம் வரவில்லை. இன்னும் உதவி தேவையா என்று பார்க்க ஆபீசிலிருந்து ஆள் வருகிறார் என்றார்கள். காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மத்தியானம் வர்றாராம்க்கா. இன்னா செய்றது?"

"பானைல இன்னா கீதோ அத்தையே காட்டு. ஒண்ணும் இல்லன்னா காலிப் பானையக் காட்டு."

"சாப்பாட்டு வேளைல வர்ற மனுசனுக்கா? இன்னாக்கா பேசுற நீ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்கிறாளே என்று அரிசியைக் கொடுத்துத் தொலைத்தேன். கரையில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வஞ்சிரத் துண்டு கடனுக்கு வாங்கி வந்தாள். தட்டையே பார்த்துக்கொண்டு நிற்குமென்று ஜானுவை என் வீட்டுக்குத் துரத்திவிட்டாள்.

வந்தவர் நல்ல மனிதர், அதுதான் வயிற்றெரிச்சல். வேண்டாம் வேண்டாம் என்றபடியே உட்கார்ந்தவர் இரண்டாம் தடவை குழம்பு கேட்டார்.

"தினமும் இப்படித்தானாம்மா சாப்பாடு?"

வாசலில் நின்றபடி மனசுக்குள் அவளைத் திட்டினேன். அரிசி இரவல், மீன் கடன் என்று சொல்லித் தொலையேன்டி. நானே வாயைத் திறந்தேன். காவேரி என்னை ஒரு முறை முறைத்தாள். சோற்றில் கை வைத்தவரிடம் அது வந்த வழியை எங்கள் குப்பத்தில் சொல்லமாட்டோம். சொன்னால் தின்றது அவர் உடம்பில் ஒட்டாது.

"ஏதோ சாமி புண்ணியத்துல ஓடுது சார்," என்றாள்.

அவர் கை கழுவிக்கொண்டு, "நல்லா இரும்மா. ஒண்ணுமே இல்லாதவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்களுக்குத்தான் மொதல்ல பார்க்கணும்," என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

காவேரி தட்டை எடுத்தாள். முகமெல்லாம் நிம்மதி.

"திருப்தியா சாப்ட்டாருக்கா. பணம் வந்துரும் இல்ல?"

"வந்துரும்டி," என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?