எர்த் கழற்றிய பிளக்

1. ஹம்

பிற்பகல் மூன்று மணிக்கு, கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இரையத் தொடங்கியது. விடாத, ஒரே சுருதியில் ஓர் உறுமல். எங்கள் தொழிலில் அதை ‘ஹம்’ என்போம். நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்த ஒரு புகழ்பெற்ற கோலாலம்பூர் ராக் குழுவின் பினாங்கு நிகழ்ச்சி அன்று. ஜார்ஜ்டவுனில் திறந்தவெளித் திடல். ஆறு மணிக்கு வாசல் திறக்க வேண்டும். காலையில் பெய்த மழையில் மேடைப் பலகை இன்னும் காயவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு இருபத்து நான்கு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் டெக்னீசியனாக மூன்று வருடம் இருந்துவிட்டு, ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒரு சிறிய கம்பெனிக்கு வந்திருந்தேன். எல்லா ஒலியையும் கலந்து சரிசெய்யும் மிக்சர் என் பொறுப்பு. மேடையில் ஆம்ப், கிட்டார், மைக் எல்லாவற்றையும் பொருத்திச் சோதிப்பவர் சேகர் அண்ணன்.

தொழிற்சாலைப் பழக்கத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பட்டியல் போடுவேன். அன்று காலை முப்பத்தொரு வரிகள். ஒவ்வொரு பிளக்கிலும் மீட்டர் வைத்து எர்த் பார்த்து டிக் போட்டேன். சேகர் அண்ணன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, சேகர் சாப்பிட்டானான்னு ஒரு வரி இருக்கா இதுல?”

“இல்ல அண்ணே.”

“அப்ப என்ன லிஸ்ட்லா இது!”

ஹம் கேட்டதும் முதலாளி மேடைக்கு ஓடி வந்தார். அவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

“கே.எல். பேண்ட் ஆளுங்க ஓட்டல்லேருந்து கெளம்பிட்டாங்க. இந்தச் சத்தத்தோட மைக்கக் குடுத்தா நம்மள வெரட்டிடுவான். ஆம்ப்புக்கு எர்த்தக் கழட்டு.”

“பாஸ், தரை ஈரமா இருக்கு.”

“எல்லாக் கம்பெனியிலயும் இப்பிடித்தான் செய்றான். புதுசாவா கேக்குற? கழட்டு, கழட்டு.”

அவர் சொன்னது உண்மை. ஆம்ப்பும் மிக்சரும் இரண்டு வழியில் எர்த் ஆனால் ஹம் வரும். ஆம்ப்பின் பிளக்கைத் திறந்து எர்த் வயரை மட்டும் கழற்றிவிட்டால் நின்றுவிடும். வெளியே பார்த்தால் மூன்று கால் பிளக் மூன்று காலோடுதான் இருக்கும், யாருக்கும் தெரியாது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கழற்றிய கையோடு பிளக்கைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டுவோம். சிவப்பைப் பார்த்தால், ஷாக் அடிக்கலாம் என்று கிட்டார் பிடித்த கையோடு யாரும் மைக்கைத் தொடமாட்டார்கள்.

நான் கழற்றினேன். ஹம் நின்றது. சிவப்பு டேப் சேகர் அண்ணனின் இடுப்புப் பையில் இருந்தது. அவர் கீழே லாரியில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். வந்ததும் வாங்கி ஒட்டலாம் என்று நினைத்தேன். அதற்குள் பாஸ் மிக்சர் பக்கம் கூப்பிட்டார். போனேன்.

பத்து நிமிடத்தில் சேகர் அண்ணன் மேடை ஏறினார். கிட்டாரை மாட்டி இரண்டு தட்டு தட்டினார். பிறகு, “எப்பிடி இருக்கும்மா அங்க?” என்று என்னிடம் கேட்பதற்காக மைக்கைப் பிடித்தார்.

கேள்வி முழுதாக வரவில்லை. நான் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். அதற்குள் நேரம் கடந்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

ஆம்ப்பைத் திறந்து பார்த்தோம். உள்ளே உறை கிழிந்த ஒரு வயர், அவர் கிட்டாரைத் தட்டிய அதிர்வில் நகர்ந்து இரும்புச் சட்டத்தைத் தொட்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான்.

நிகழ்ச்சி நடந்தது. வேறு ஆம்ப் வந்தது. மிக்சரில் நான்தான் உட்கார்ந்தேன். எந்தப் பாட்டு பாடினார்கள் என்று நினைவில்லை.

2. அறிக்கை

மறுநாள் பாஸ் என்னை உட்காரவைத்து விபத்து விசாரணைக்கு அறிக்கை எழுதச் சொன்னார். “நீதான் படிச்ச புள்ள. நடந்தத எழுது. எர்த் கதையெல்லாம் வேணாம். கம்பெனிய மூடிட்டா இருபது பேரு நடுத்தெருவுல நிப்பான்.”

ஏழு வரி எழுதினேன். மழை பெய்தது. மேடை ஈரம். சேகர் ஈரமான காலணியோடு ஏறினார். கிட்டாரையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொட்டார். ஆம்ப்பின் உள்ளே பழுது. காலையில் எர்த் சோதிக்கப்பட்டது. மெயின் உடனே அணைக்கப்பட்டது. ஏழும் உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

3. ஆயர் ஈத்தாம் வீடு

பதினாறாம் நாள் காரியத்துக்கு அடுத்த வாரம் சேகர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஐந்தாவது மாடி பிளாட். அவர் மனைவி விமலா அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை, தானும் உட்காரவில்லை.

“நீ அங்கதானே இருந்தே. அவரு குடிச்சிருந்தாரா?”

“இல்லக்கா. அவரு குடிக்கவே மாட்டாரே.”

“எனக்குத் தெரியாதா? பாசார்ல மீன்காரன்கூட கேக்குறான். போதையிலயா ஏறுனாருன்னு. ஈரக் காலோட கவனமில்லாம ஏறிட்டாருன்னு அறிக்கையில இருக்காம். உன் கையெழுத்தாம். பல்பு மாத்துறதுக்குக்கூட மெயின் ஆஃப் பண்ணிட்டு ஏறுற மனுசன் தங்கச்சி.”

சொல்லிவிட்டேன். கழற்றியது யார், டேப் ஏன் ஒட்டவில்லை, எல்லாவற்றையும் வரிசையாக. எனக்கு வேறு எப்படியும் சொல்லத் தெரியாது.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். “நீ கழட்டுனது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“ஒரு வாய் சத்தமா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. கீழதானே நின்னாரு.”

லாரி மேடையிலிருந்து இருபதடி தூரம்.

“போ. போய் இத எழுது. அவரு மேல தப்பில்லன்னு எழுது. அதுக்கப்புறம் இங்க வராதே.”

அன்றே எழுதினேன். எட்டாவது வரி: பிற்பகல் மூன்றே காலுக்கு ஆம்ப்பின் எர்த் வயரை நான் கழற்றினேன், அடையாளம் ஒட்டவில்லை, சேகரிடம் சொல்லவில்லை. விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். பாஸ் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, வேலையும் போயிற்று. நகல் ஒன்றை ஆயர் ஈத்தாமுக்கு எடுத்துப்போய்க் கதவுக்கு அடியில் தள்ளினேன். உள்ளேயிருந்து யாரோ தாளை இழுத்துக்கொண்டார்கள். கதவு திறக்கவில்லை. இறங்கி வந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எர்த்தைக் கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எந்த இணைப்பை மாற்றினாலும், அதை அடுத்துத் தொடப்போகிறவரிடம் உடனே போய்ச் சொல்லுங்கள். டேப் தேடுவதெல்லாம் பிறகு.