மூன்று முடி சூட்டிய பேராயரும் ஒரு கிட்டாரும்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் நான் வரலாற்று ஆராய்ச்சி மாணவன். என் ஆய்வுப்பொருள் பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பேராயர் ஒருவர். யாழ்ப்பாணத்துச் சைவனுக்கு ஏன் இந்த வேலை என்று என் மனைவி கேட்காத நாளில்லை. எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி, ஒரு கத்தோலிக்க விதவை, அப்படிக் கேட்கவில்லை. "பேராயரையா படிக்கிறாய்!" என்று நெகிழ்ந்துபோய், தேவாலயப் பெண்களின் தேநீர் விருந்தில் அவரைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்.

அந்தத் தேவாலயம் அப்போது இரண்டுபட்டுக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிட்டார் வேண்டும் என்றது ஒரு கூட்டம். பழைய ஓர்கன் வாத்தியமே போதும் என்றது வீட்டுக்காரியின் கூட்டம். பாதிரியார் தன் பக்கம்தான் என்று வீட்டுக்காரி குசினியில் சமைத்தபடி சொன்னார். கிட்டார்க் கூட்டத்தின் தலைவியான பக்கத்துவீட்டு அம்மாவும் வேலிக்கு மேலால் எட்டி, பாதிரியார் தன் பக்கம் என்றே சொன்னார்.

"பகிடி விட்டு ஆக்களைச் சிரிக்கவைக்காமல் உள்ளதை மட்டும் கதைச்சுப்போட்டு வாங்கோ" என்றாள் மனைவி.

"ஓம், ஓம்" என்றேன்.

விருந்துக்குப் பாதிரியாரும் வந்திருந்தார். உள்ளதைத்தான் பேசினேன். பேராயர் ஒரு மன்னருக்கு முடி சூட்டினார். அந்த மன்னர் இறந்ததும், மைத்துனனுக்குப் பயந்து தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ராணியிடம் போய், இளைய மகனுக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்து அவனை வாங்கிவந்தார். பிறகு அந்தப் பிள்ளையை யாரும் காணவில்லை. பிள்ளையின் சித்தப்பனான அந்த மைத்துனன் அரியணையைப் பிடித்தான். அவனுக்கு முடி சூட்டியதும் இவரே. அவனைப் போரில் வீழ்த்தி வந்தவனுக்குச் சூட்டியதும் இவரே.

வீட்டுக்காரியின் முகம் வாடிவிட்டது. "அப்படியென்றால் அவர் யார் பக்கம்தான்?"

"எல்லாரிடமும் 'நான் உங்கள் பக்கம்' என்று சொல்லியிருப்பார், அம்மா."

பக்கத்துவீட்டு அம்மாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. "என்னிடமும் அப்படித்தான் ஒருவர் சொன்னார்" என்றார் மெல்ல.

"உன்னிடமுமா?" என்றார் வீட்டுக்காரி.

இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவர் வாய் நிறையக் கேக். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் விழுங்கி முடிப்பதற்குள் ஒரு ஞாயிறு கிட்டார், மறு ஞாயிறு ஓர்கன் என்று இரண்டு பெண்களும் பேசி முடித்துவிட்டார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வாரம் டிராம் தரிப்பில் பாதிரியார் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"உங்கள் பேராயருக்குக் கடைசியில் என்ன ஆனது?" என்று கேட்டார்.

"நன்றாக வயதாகி, பதவியில் இருந்தபடியே இறந்தார்."

"அப்படியா!" என்றார். முகம் தெளிந்துவிட்டது. டிராம் வந்ததும் எனக்கு முன்னால் உற்சாகமாகத் தாவி ஏறினார்.