பாட்டில் மூடிக்குள் ஒரு வீடு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் படக்காரர். வாடகைக்கு விட வேண்டிய வீடுகளைக் கைபேசியில் படம் எடுத்துக் கொடுப்பது வேலை. கட்டில் போட்டால் கதவு திறக்காத அறையையும், மூலையில் முதுகை ஒட்டி நின்று, கேமராவை அகலமாகக் காட்டும் வைடு வைத்து, பந்து விளையாடலாம் போலக் காட்டிவிடுவார். தரகு நிறுவனம் மனைவியின் அண்ணனுடையது. ஆகவே வேலை கிடைத்தது எளிதாக. அதில் மரியாதை கிடைப்பதுதான் இழுபறியாக இருந்தது.

பகலெல்லாம் மோசமான அறைகளை நன்றாகக் காட்டியவர், மிச்ச நேரத்தில் நல்ல படங்களை மோசமாக்கிக்கொண்டிருந்தார். குழந்தைகள் விளையாட என்று ஒரு காலத்தில் பிளாஸ்டிக் ஃபிலிம் கேமராக்கள் விற்றன. லென்ஸும் பிளாஸ்டிக். படத்தின் ஓரமெல்லாம் இருண்டுவிடும். நடுவில் மட்டும் கொஞ்சம் தெளிவு. பெட்டியின் இடுக்கு வழியே வெளிச்சம் கசிந்து ஆரஞ்சுத் தீற்றலாக விழும். அந்தக் குறைகள் ஒன்று விடாமல் அவருக்கு வேண்டியிருந்தன. கேமரா மட்டும் வேண்டாம். கைபேசியிலேயே வர வேண்டும்.

அதற்கென்றே செயலிகள் இருக்கின்றன, ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று மனைவி காட்டினார். படக்காரர் நாலைந்து படங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல கசியுது. இது கசிவு இல்ல, குழாய்.”

அவருடைய ஏற்பாடு வேறு. தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை. அதன் உள்ளே பிஸ்கட் பெட்டியின் பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டி ஒட்டி, விளிம்பில் துளி முகக்களிம்பு. பக்கத்தில் ஒரு கீறல். அதில் ஆரஞ்சு மிட்டாய்த் தாள். ரப்பர் பேண்டால் கைபேசியில் மாட்டி, திரையை அட்டையால் மூடிவிடுவார், அந்தக் கேமராக்களில் திரை கிடையாது என்பதால். பன்னிரண்டு படம், அதோடு சரி. எடுத்ததை ஒரு வாரத்துக்குப் பார்க்கவும் கூடாது, ஃபிலிம் கழுவி வர அவ்வளவு நாள் ஆகுமாம். கேட்டால், “கழுவப் போட்டிருக்கேன்” என்பார். நவீனக் கருவி ஒன்றை இவ்வளவு பாடுபட்டுப் பழுதாக்கிய மனிதரை நான் கண்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது மாடி வீடு வாடகைக்குப் போகாமல் நின்றது. இரண்டு அறை, ஒரு சமையலறை. வந்தவர்கள் எல்லாரும் மூச்சு வாங்க ஏறி, வாசலில் நின்று, பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “படத்துல பெருசா இருந்துச்சே.”

மச்சான் அவரைத் தனியே அழைத்தார். “இந்த மாசத்துக்குள்ள அந்த வீடு போகணும் மாப்ள. இல்லன்னா படத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன். குடும்பத்துக்குள்ள சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எதையும் அவர் விட்டு வைக்கவில்லை.

மறுநாள் மாலை படக்காரர் புதுப் படம் எடுக்க அங்கே போனார். எல்லா மூலையிலும் முதுகை ஒட்டிப் பார்த்தார். சுவர் நகர்வதாக இல்லை. சோர்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தபோது, சமையலறை ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து அவர் கால் வரைக்கும் நீண்டது. பையிலிருந்து மூடியை எடுத்தார். பன்னிரண்டும் தீர்ந்தபோது வெளிச்சமும் தீர்ந்திருந்தது. அலுவலகப் படத்தைக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டார்.

காலையில் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் அழைத்தார். மனைவி எடுத்தார்.

“நேத்து எடுத்த படத்தை உடனே அனுப்பு. ஒருத்தங்க வீடு கேட்டுட்டே இருக்காங்க.”

மனைவி அனுப்பினார். மச்சான் வண்டியில் போகிற அவசரத்தில் திறந்துகூடப் பார்க்காமல் இணையத்தில் ஏற்றினார். பார்த்தது பத்து நிமிடம் கழித்து. உடனே மறுபடி அழைத்தார்.

“என்ன மாப்ள, வீடு தீப்பிடிச்சு எரியுதா?”

படக்காரர் தலை துவட்டாமல் நின்றார். “அது கழுவப் போட்டதாச்சே,” என்றார் மனைவியிடம். “இருட்டா இருக்கறது தெரியலையா?”

“உங்க படம் என்னைக்கு வெளிச்சமா இருந்துச்சு? நேத்து எடுத்ததைக் கேட்டாரு, நேத்து எடுத்ததைக் குடுத்தேன்.”

படங்களை அழிக்கும் முன்பே வீடு கேட்டவர் கிளம்பிவிட்டார். பல் மருத்துவமனை ஒன்றில் செயற்கைப் பல் செய்கிற பெண்மணி. மச்சானும் படக்காரரும் வாசலில் காத்திருந்தார்கள்; ஒருவர் மன்னிப்புக் கேட்க, மற்றவர் வேலையை விட்டு அனுப்ப.

அந்தப் பெண்மணி ஏறி வந்தார். உள்ளே பார்த்தார்.

“படத்துல பாத்ததைவிடப் பெருசா இருக்கே,” என்றார்.

மச்சான் தன் தொழிலில் அந்த வாக்கியத்தைக் கேட்டதே இல்லை. யார் பேசியது என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“மூலையெல்லாம் கருப்பா இருந்துச்சே, ஈரம் எங்க?”

“ஈரம் இல்லைங்க,” என்றார் படக்காரர். பொய் எதுவும் தோன்றாததால் உண்மையைச் சொன்னார். “பாட்டில் மூடி.” பையிலிருந்து எடுத்தும் காட்டினார்.

அந்த அம்மாள் மூடியை வாங்கி, கண்ணில் வைத்து, ஜன்னலைப் பார்த்தார். பல் வேலை செய்கிறவர். ஒட்டியிருந்த நேர்த்தியை விரலால் தடவிப் பார்த்தார். “மத்த படத்துல எல்லாம் சுவர்தான் இருந்துச்சு. இதுல சாயங்காலம் இருந்துச்சு. ஈரம் இருந்தா இருக்கட்டும்னுதான் வந்தேன்.”

வீடு போயிற்று. படக்காரர் போகவில்லை. குடிவந்த அம்மாள் ஒரு படத்தைக் கேட்டு வாங்கி, அச்சுப் போட்டு, அதில் இருந்த அதே சுவரிலேயே மாட்டினார். விருந்தாளிகள் ஈரமா என்று கேட்பார்களே என்பதுதான் படக்காரருக்கு மிச்சமிருந்த கவலை.

மச்சான் இதைத் திட்டமாக்கப் பார்த்தார். “இனிமே எல்லா வீட்டுக்கும் மூடிப் படம் ஒண்ணு வேணும். அந்த ஆரஞ்சு மட்டும் எப்பவும் வலது பக்கமாவே வரட்டும்.”

“அது எங்க விழும்னு எனக்கே தெரியாது மச்சான்.”

“சரி, விழற இடத்துல விழட்டும்.”

இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் வைடு வைக்காத நேர்ப்படம் சில, மூடிப் படம் பன்னிரண்டு. போன வாரம் அவர் ஆற்றோர வீடு ஒன்றை எடுத்துவிட்டு வந்த நாலாம் நாள் மச்சானிடமிருந்து அழைப்பு. குரலில் அதிகாரம் இல்லை. பரீட்சை முடிவு கேட்கிற தயக்கம்.

“மாப்ள, கழுவி முடிஞ்சுதா?”

“இன்னும் மூணு நாள் ஆகும் மச்சான்.”

“சரி, சரி. அவசரப்படுத்தல.”